இங்கிலாந்தில் 3 வயதுக் குழந்தைக்கு அரசு தரும் நர்சரி நேரம்: வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் உண்டா?

ஹாரோ அம்மா:
வணக்கம். என் கணவர் வேலை விசாவிலும் நான் அவரைச் சார்ந்த விசாவிலும் இருக்கிறோம். இருவருமே வேலை பார்க்கிறோம். எங்கள் மகளுக்கு வரும் நவம்பரில் 3 வயது நிறைகிறது. அரசின் உதவித்தொகை எதையும் பெறக்கூடாது என்று விசாவில் நிபந்தனை இருப்பதால், இலவச நர்சரி நேரத்தைக் கேட்கவே தயங்குகிறோம். கேட்கலாமா? பிறந்தநாள் முடிந்ததும் சேர்த்துவிடலாமா?

லூட்டன்வாசி:
தாராளமாகக் கேளுங்கள், சகோதரி. 3, 4 வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் உரிய வாரம் 15 மணி நேர இலவச நர்சரிக்குப் பெற்றோரின் வருமானத்தையோ விசாவையோ பார்ப்பதில்லை. ஆனால் பிறந்தநாளன்றே தொடங்காது. ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1 ஆகியவற்றில் பிறந்தநாளுக்கு அடுத்து வரும் தேதியிலிருந்துதான் நிதி கிடைக்கும் என்பதால், உங்கள் மகளுக்கு ஜனவரி முதல் கணக்கு. இதற்கு அரசிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழையோ பாஸ்போர்ட்டையோ நர்சரியில் காட்டி, அவர்கள் தரும் படிவத்தை நிரப்பினால் போதும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் இப்போதே பேசி வையுங்கள்.

குரோய்டன் அப்பா:
வாரம் 30 மணி நேர இலவசத் திட்டம் வேறு. அது வேலை செய்யும் பெற்றோருக்கானது. 2025 செப்டம்பர் முதல் 9 மாதக் குழந்தைக்கும் உண்டு. பெற்றோர் ஒவ்வொருவரும் வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு நிகராகவாவது சம்பாதிக்க வேண்டும். எவருடைய ஆண்டு வருமானமும் 1,00,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. இணையத்தில் விண்ணப்பித்துப் பெறும் 11 இலக்க எண்ணை 3 மாதங்களுக்கு ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். பெற்றோரில் ஒருவருக்காவது அந்த விசா நிபந்தனை இல்லாதிருக்க வேண்டும் என்பதால், இப்போதைக்கு உங்களுக்கு இது கிடைக்காது. மாதந்தோறும் வரி செலுத்தும் குடும்பங்களை இப்படி விலக்குவது நியாயமில்லை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். உங்களில் ஒருவருக்கு நிரந்தரமாக வசிக்கும் அனுமதி கிடைத்ததும் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள்.

ஈஸ்ட் ஹாம் பாட்டி:
கட்டண விவரத்தையும் கேட்டுக்கொள் அம்மா. 15 மணி நேரம் என்பது பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்கு, அதாவது ஆண்டுக்கு 570 மணி நேரம். ஆண்டு முழுவதும் பரப்பித் தரும் நர்சரிகளில் வாரத்துக்கு ஏறக்குறைய 11 மணி நேரமே வரும். அரசுப் பணம் உணவுக்கும் டயப்பருக்கும் சேராது. நர்சரி அவற்றுக்குக் கட்டணம் கேட்கலாம், ஆனால் அதைக் கட்டினால்தான் இடம் என்று சொல்லக்கூடாது. என் பேரனுக்கு வீட்டிலிருந்தே சாப்பாடு கொடுத்து அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் ரசீதைக் கேள். தர மறுத்தால் உங்கள் கவுன்சிலின் குடும்பத் தகவல் சேவையிடம் முறையிடலாம்.