கார்டுக்கு ஆயிரம்: உங்களுக்குக் கிடைத்ததா, விட்டுப்போனதா?

செல்லூர் ஜெராக்ஸ்:

ஊரடங்கில் அரசாங்கம் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே டீக்கடையில் இரண்டு கட்சி சேர்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் கொடுத்தது வீண் என்று ஒரு கட்சி. ஆள் பார்த்துக் கொடுத்திருந்தால் கொரோனா முடிந்த பிறகுதான் கைக்கு வந்திருக்கும் என்று இன்னொரு கட்சி. வாதம் கிடக்கட்டும், அவரவருக்கு நடந்ததை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2020 ஏப்ரல் முதல் வாரம். டோக்கனில் போட்டிருந்த நேரத்துக்கு ரேஷன் கடைக்குப் போனேன். வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்கள். எனக்கு முன் வட்டத்தில் எங்கள் தெருத் தறிக்கார அண்ணன். அவருக்கு முன்னால் இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் அம்மா. எல்லோருக்கும் ஒரே தொகைதான், இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள். அண்ணன் என் பக்கம் திரும்பி, "இந்தம்மாவுக்குமா தம்பி ஆயிரம்?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்தத் தெருவில் அன்று ஒரு வண்டி ஓடவில்லையே, நன்றாகவே கேட்டுவிட்டது. அந்த அம்மா திரும்பாமலேயே சொன்னார்: "குடியிருக்கவனே வேலைக்குப் போகாம உக்காந்திருக்கான். எவன் தருவான் வாடகை?"

அண்ணன் அப்புறம் வாய் திறக்கவில்லை. எனக்கும் அதற்கு முன்பு அப்படி யோசிக்கத் தோன்றியதில்லை.

மார்ச் 24-ல் அறிவித்தார்கள், ஏப்ரல் 2-ல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அரிசி கார்டு உண்டா? உண்டு. பிடி காசு.

2023-ல் குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் மகளிர் உரிமைத் தொகைக்கு நடந்தது வேறு கதை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்ளா, நன்செய் ஐந்து ஏக்கருக்குள்ளா, புன்செய் பத்து ஏக்கருக்குள்ளா, கரண்ட் வருஷத்துக்கு 3600 யூனிட்டைத் தாண்டுகிறதா, கார் இருக்கிறதா என்று கேள்விகள். சான்றிதழ் எதையும் இணைக்க வேண்டாம் என்று அரசாங்கமே சொன்னது. யார் நம்பினார்கள்? அந்த ஜூலை, ஆகஸ்டில் என் கடையில் ஓடிய பேப்பர் எந்த அட்மிஷன் சீசனிலும் ஓடியதில்லை. (எனக்கு லாபம்தான், மறைப்பானேன்.) மாசி வீதிப் பக்கத்து வளவு ஒன்றிலிருந்து நான்கு பெண்கள் ஒன்றாக வந்தார்கள். நான்கு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர், வீட்டுக்காரர் பெயரில். "இதுல யாரு வீட்டுக் கரண்டுண்ணே எழுதுறது?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

முதல் முகாம் ஜூலை 24, பணம் செப்டம்பர் 15. விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம், கிடைத்தவர்கள் 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம். மாதாமாதம் வருகிற பணத்துக்கு இப்படி அலசிப் பார்ப்பது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் 2020 ஏப்ரலில் ஏழெட்டு வாரம் காத்திருக்க யாரால் முடிந்திருக்கும்? சரி, நீங்கள் சொல்லுங்கள்.

சர்க்கரை கார்டு:

அண்ணே, "எல்லோருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இல்லை. எனக்கு வரவில்லை.

வில்லாபுரத்தில் இருக்கிறோம். எங்களுடையது சர்க்கரை கார்டு. ரேஷன் அரிசி வேண்டாம், சர்க்கரையாவது கூடக் கிடைக்கட்டும் என்று அப்பா காலத்தில் எடுத்த முடிவு. அன்றைக்கு அவர் மில் வேலையில் இருந்தார், அந்த முடிவு சரி. 2019 நவம்பரில் சர்க்கரை கார்டை அரிசி கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. மாநிலம் முழுக்கச் சுமார் 10 லட்சம் சர்க்கரை கார்டு இருந்ததாம். அப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். வாத்தியார் வீட்டில் அரிசி கார்டா என்று ஒரு கூச்சம். மாற்றவில்லை. நான்கே மாதம்தான் இடைவெளி.

ஏப்ரலில் பள்ளி பாதிச் சம்பளம் கொடுத்தது. மே மாதத்திலிருந்து அதுவும் இல்லை. மத்திய அரசு ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மூன்று மாதம் ஐந்நூறு ஐந்நூறாகப் போட்டது. என் மனைவிக்கு இருந்தது சாதாரண சேமிப்புக் கணக்கு. அதிலும் இல்லை. ஜூனில் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு போட்டு, அரிசி கார்டுக்கு இன்னோர் ஆயிரம் கொடுத்தார்கள். அதிலும் இல்லை. கார்டு இரண்டு தடவை, கணக்கு ஒரு தடவை, ஆக மூன்று தடவை என்னைத் தள்ளி நிறுத்தின.

எதிர் வீட்டில் பெயிண்டர் குடும்பம். அந்த அக்கா ஒரு நாள் சாயங்காலம் சம்படத்தில் துவரம்பருப்பு கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தார். "கார்டுல போட்டாங்க மதினி, பிள்ளைக்குச் சாம்பார் வையுங்க." அவர்கள் வீட்டில் ஐந்து பேர், கார்டுக்கு வந்தது ஒரு கிலோ. நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதுபோல் இருந்தேன். வெளியே வரவில்லை.

வசதியானவனைக் கழிக்க வேண்டும் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தேதியில் வசதியாக இருந்தவனை?

பில் போடுகிறவன்:

மதுரை மேற்கு ஒன்றியத்தில் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். வாத்தியார் சொன்ன மாதிரி ஆட்கள் என் கடைக்கும் வந்தார்கள். கார்டை வாங்கி மெஷினில் காட்டியதுமே தெரிந்துவிடும், பெயர் வராது. அதைச் சொல்லுகிற வேலை என்னுடையது. சட்டம் போட்டவர் யாரும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவில்லை, திட்டெல்லாம் எனக்குத்தான்.

சர்க்கரை கார்டுக்காரருக்காவது ஒரு கார்டு இருந்தது. கார்டே இங்கே இல்லாதவர்கள் இன்னும் மோசம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வாடகைக்கு இருப்பார்கள், கார்டு ஊரில் இருக்கும். பஸ் இல்லை, எப்படிப் போவது? ஒரு பெண் புருஷனைப் பிரிந்து அம்மா வீட்டில் இருந்தாள், பெயர் இன்னும் மாமியார் வீட்டுக் கார்டில். ஆயிரத்தை அவர்கள் வாங்கிவிட்டார்கள். "என் பேருக்குப் பாதியாச்சும் தரச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டாள். காசு கார்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. மூன்று பேர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும் அதே ஆயிரம்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு என் கையில் ‘இவர் ஏழை, இவர் இல்லை’ என்று ஒரு பட்டியல் கொடுத்துப் பணம் போடச் சொல்லியிருந்தால், கடை ஷட்டர் மிச்சம் இருந்திருக்காது.

ரிட்டயர்டு:

நான் மாற்றுக் கட்சி. கோபப்படாமல் படியுங்கள்.

அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கார்டு அரிசி கார்டு. 2021 மே, ஜூனில் கொரோனா நிவாரணமாகக் கார்டுக்கு இரண்டு தவணையில் கொடுத்த நாலாயிரம் எங்களுக்கும் வந்தது. என் பென்ஷன் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். வெளியே போகாததால் செலவும் குறைவு. அந்த நாலாயிரம் எங்களுக்கு எதற்கு?

கணக்குப் பாருங்கள். 2 கோடியே 7 லட்சம் கார்டு, ஒரு தவணைக்கு மட்டும் 4,153 கோடி ரூபாய். என்னைப் போன்றவர்களைக் கழித்திருந்தால் தறிக்காரருக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். நாலாயிரத்தில் ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓடும்?

ஏழையைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்கிறீர்கள், சரி. என்னைக் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம்? மாதாமாதம் கருவூலத்திலிருந்துதானே எனக்குப் பணம் வருகிறது!

பில் போடுகிறவன்:

சார், உங்கள் ஒருவரைக் கழிக்கலாம். என் கடையில் ஒரு கார்டில் ஏழு பேர். மூத்த பையன் போலீஸ், கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூரில் இருக்கிறான், பெயர் எடுக்கவில்லை. அவனைப் பார்த்துக் கார்டைக் கழித்தால் இங்கே வீட்டு வேலை பார்க்கிற அம்மாவுக்கும் போச்சு.

ரிட்டயர்டு:

அது கார்டைச் சரியாக வைத்துக்கொள்ளாத குறை. ஆனால் புரிகிறது.

அண்ணாநகர் தம்பி:

2020-ல் நான் வேலையாக ஜப்பானில் இருந்தேன். அங்கேயும் இதே சண்டை. வருமானம் விழுந்துபோன குடும்பங்களுக்கு மட்டும் மூன்று லட்சம் யென் என்று முதலில் சொன்னார்கள். யாருக்கு விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்று ஒரே குழப்பம். ஏப்ரல் நடுவில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு லட்சம் யென் என்றார்கள். பதிவு செய்து குடியிருக்கிற வெளிநாட்டுக்காரனுக்கும் உண்டு, எனக்கும் வந்தது. ஆனால் தபாலில் படிவம் வந்து, நிரப்பி அனுப்பி, பணம் வர ஜூலை ஆகிவிட்டது. நம் ஊர் ரேஷன் கடை அந்த விஷயத்தில் கெட்டிதான்.

மல்லிகைக்காடு:

உசிலம்பட்டிப் பக்கம் நாங்கள். அரை ஏக்கர் மல்லி. பூ வியாபாரமும் உண்டு. விடியக்காலையில் நாலைந்து வீட்டுப் பூவைச் சேர்த்து மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோவதற்காக 2017-ல் பழைய ஆம்னி ஒன்றைக் கடனில் எடுத்தார் வீட்டுக்காரர். ஒயிட் போர்டு.

2020 சித்திரைத் திருவிழாவை நம்பித்தான் அந்த வருஷக் கணக்கே. மீனாட்சி கல்யாணத்தை உள்ளேயே நடத்தி நேரலையில் காட்டினார்கள், அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மல்லியைப் பறிக்காமலும் விட முடியாது, விட்டால் செடியிலேயே மலர்ந்து கெட்டுப்போகும், அடுத்த மொட்டும் பாழ். பறித்து, பறித்தவர்களுக்குக் கூலியும் கொடுத்து, வரப்பில் கொட்டினோம். சாயங்காலம் ஆனால் ஊரே மணக்கும். அந்த வாசனையே அப்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஆயிரம் கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஜூன் மாத ஆயிரம் எங்களுக்கு இல்லை. அது மாநகராட்சிக்கும் பரவைக்கும் அதை ஒட்டிய ஒன்றியங்களுக்கும்தான். ஊரடங்கு அவர்களுக்கு, பூ விற்க முடியாதது எங்களுக்கு! ஆம்னி வேப்பமரத்தடியில் நின்றே கிடந்தது. பின்சீட்டில் கோழி அடை உட்கார்ந்து ஒன்பது குஞ்சு பொரித்தது. அந்த வருஷம் அந்த வண்டியால் வந்த வருமானம் அந்தக் குஞ்சுகள்தான்.

இதே வண்டிதான் 2023-ல் வினையாக வந்தது. உரிமைத் தொகை விண்ணப்பம் தள்ளுபடி, காரணம் நான்கு சக்கர வாகனம். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள், இ-சேவை மையத்தில் போட்டேன். விசாரிக்க ஒருவர் வந்தார், நல்ல மனுஷன். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே எச்சம் காய்ந்து கிடந்ததையும் பார்த்தார். "ஓடாதுன்னு தெரியுதும்மா. ஆனா ஒயிட் போர்டுன்னா சொந்த உபயோகம்னுதானே எடுத்துக்கணும்" என்றார். மறுபடியும் தள்ளுபடி.

போன வருஷம் வண்டியை, வந்த விலைக்கு விற்றுவிட்டோம். வாங்கியவன் ஆர்சி புக்கில் இன்னும் பெயர் மாற்றவில்லை. அதனால் காகிதத்தில் இன்றைக்கும் நாங்கள் கார் வைத்திருக்கிற குடும்பம். வாத்தியார் கேட்டாரே, எந்தத் தேதியில் என்று. எங்களுக்கு வண்டி போன பிறகும் தேதி நகரவில்லை.

செல்லூர் ஜெராக்ஸ்:

ரிட்டயர்டு சாரின் கணக்கை நான் தட்டிக்கழிக்கவில்லை. அரசாங்கத்துக்கு ஏற்கனவே தெரிந்தவர்களை அரசாங்கமே கழித்துக்கொள்ளட்டும், அதில் யாரும் என் கடை வாசலில் நிற்க வேண்டியதில்லை. போலீஸ் மகன் கதை மாதிரி சில கார்டு அதிலும் அடிபடும்தான். ஆனால் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய மாதத்தில், பழைய பதிவேட்டைப் புரட்டி, நீ இல்லாதவன் என்று நிரூபி என்று மக்களிடம் கேட்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. வாத்தியாரையும் மல்லிகை அக்காவையும் தள்ளிய பதிவேட்டில் பொய் ஒன்றும் இல்லை. அது வேறொரு நாளில் எழுதியது. வாத்தியாரே, இப்போதாவது கார்டை மாற்றினீர்களா?

சர்க்கரை கார்டு:

இல்லையண்ணே. இப்போது சம்பளம் வருகிறது, மறுபடி அதே கூச்சம்.

செல்லூர் ஜெராக்ஸ்:

நல்ல ஆள் போங்கள்.

அக்கா, உங்கள் ஆம்னி விஷயத்துக்கு வருகிறேன். விற்றதைத் தெரிவிக்கப் படிவம் 29, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30. வாங்கியவர் கையெழுத்து வேண்டும், அவரை முதலில் பிடியுங்கள். கடன் முடிந்திருந்தால் ஆர்சியில் இருக்கும் கடன் குறிப்பையும் நீக்க வேண்டும், அதற்குக் கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று வாங்குங்கள். அடுத்த தடவை மதுரைக்குப் பூ கொண்டு வரும்போது கடைப் பக்கம் வாருங்கள். உங்களுக்கு ஜெராக்ஸ் காசு கிடையாது, இரண்டு முழம் பூ போதும்.

மல்லிகைக்காடு:

வர்றேன் தம்பி. இப்போதெல்லாம் பஸ்ஸில்தான் வருகிறேன், கூடையை இறக்க யாராவது ஒரு ஆளை ஸ்டாண்டுக்கு அனுப்பி வையுங்கள்.