ஐடிலில் ஓடும் பைகேம் நிரல், விஎஸ் கோடில் படத்தைக் காணோம் என்கிறது

புதுநிரலன்:
பைதானில் விளையாட்டு எழுத உதவும் பைகேமில் ஒரு டேங்க் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். பைதான் ஃபைல் 'கேம்' ஃபோல்டரில், படங்கள் அதற்குள்ளேயே 'இமேஜஸ்' ஃபோல்டரில். பைதானோடு வரும் ஐடில் எடிட்டரில் எஃப்5 அழுத்தினால் அருமையாக ஓடுகிறது. அதையே விஎஸ் கோட் எடிட்டரில் ஓட்டினால் ஃபைல் இல்லை என்று எரர். படம் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்! சி டிரைவிலிருந்து முழுப் பாதை கொடுத்தால் வருகிறது. ஆனால் நண்பனுக்கு அனுப்பினால் அவன் கணினியில் ஓடாதே?

கட்டம்போட்டசட்டை:
எரரைக் கடைசிவரை படித்தீர்களா தம்பி? பைகேம் 2-இல், எந்த வொர்க்கிங் டைரக்டரியில் (நிரல் நின்று ஓடும் ஃபோல்டர்) தேடியது என்பதும் அதே வரியில் வரும்.

புதுநிரலன்:
ஆமாம் அண்ணா. 'ப்ராஜெக்ட்ஸ்' என்று முடிகிறது. 'கேம்' இல்லை.

கட்டம்போட்டசட்டை:
அதுதான் சிக்கல். சி டிரைவ் என்று தொடங்காத ரிலேட்டிவ் பாதை, பைதான் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து தொடங்காது, வொர்க்கிங் டைரக்டரியிலிருந்துதான் தொடங்கும். ஐடில் எஃப்5 அழுத்தியதும் ஃபைலின் ஃபோல்டருக்கே மாறிக்கொள்ளும். விஎஸ் கோட் வழக்கமாக நீங்கள் திறந்துவைத்த ஃபோல்டரிலிருந்தே ஓட்டும். ப்ராஜெக்ட்ஸை மொத்தமாகத் திறந்திருப்பீர்கள்.

விஎஸ் கோட் செட்டிங்கிலும் இதை மாற்றலாம், ஆனால் நண்பர் கணினிக்கு அந்த செட்டிங் கூடவே போகாது. நிரலிலேயே சரிசெய்யுங்கள். பைதானோடு வரும் பாத்லிப் மாட்யூலின் 'பாத்'துக்குள், முன்னும் பின்னும் இரட்டை அண்டர்ஸ்கோர் போட்ட 'ஃபைல்' மாறியைக் கொடுத்து, ரிசால்வ் செய்து (முழுப் பாதையாக்கி), பேரன்ட் (ஃபைல் இருக்கும் ஃபோல்டர்) எடுங்கள். அதை 'பேஸ்' என்று வைத்துக்கொண்டு படத்தின் பாதையை அதனோடு சேருங்கள்.

புதுநிரலன்:
சேர்த்தேன். இப்போது பேஸ் சரியாக வருகிறது. ஆனால் எரரில் 'இமேஜஸ்' முடிந்ததும் ஒரு இடைவெளி, அப்புறம் டேங்க்கில் முதல் எழுத்தான 'டி'யைக் காணோம்!

இரவுப்பறவை:
குறுக்கே வருகிறேன். பேக்ஸ்லாஷ் போட்டிருக்கிறீர்களா? பேக்ஸ்லாஷும் சின்ன 'டி'யும் சேர்ந்தால் பைதானுக்கு அது டேப் இடைவெளி. படத்துக்கு 'பிளேயர்' என்று பெயர் வைத்திருந்தால் மாட்டியே இருக்காது. சாதாரண ஸ்லாஷே போடுங்கள், விண்டோஸும் ஏற்றுக்கொள்ளும்.

புதுநிரலன்:
ஓடிவிட்டது! நண்பன் உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கிறான், அங்கேயும் ஓடுமா?

இரவுப்பறவை:
ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. போட்டோ எடிட்டர்கள் சில சமயம் பெயரின் கடைசியில் வரும் பிஎன்ஜியைப் பெரிய எழுத்தில் சேமித்துவைக்கும்.

கட்டம்போட்டசட்டை:
பின்னால் பைதான் இல்லாத கணினியிலும் ஓடும்படி பைஇன்ஸ்டாலரில் கட்டினால், அதன் ஆட்-டேட்டா ஆப்ஷனில் இமேஜஸ் ஃபோல்டரையும் கொடுங்கள். அது தானாகப் படங்களைச் சேர்க்காது.