புதுப்பிப்பு: தரவுத்தளம் கடவுச்சொல்லை ஏற்க மறுத்த கதை முடிந்தது

மேகக் கணிமையில் (கிளவுட்) இயங்கும் என் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், கட்டளைவரியில் தட்டினால் ஏற்கும் அதே கடவுச்சொல்லைச் செயலியிலிருந்து அனுப்பினால் தவறு என்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். தீர்ந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

பலரும் ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் தடுப்பைப் பார்க்கச் சொன்னீர்கள். நானும் இரண்டு நாள் அதையே நோண்டினேன். யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்: ஃபயர்வால் தடுத்தால் பெரும்பாலும் பதிலே வராது, காத்திருந்து காலாவதியாகும். கடவுச்சொல் தவறு என்று சொல்வதற்கே போஸ்ட்கிரெஸின் வழக்கமான நுழைவாயிலான 5432ஆம் போர்ட்டைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டுமே!

தானாக உருவான அந்தக் கடவுச்சொல்லின் நடுவில் %37 என்று இருந்தது. அதை அப்படியே, செயலி தரவுத்தளத்தை அடையப் பயன்படுத்தும் இணைப்பு முகவரிக்குள் (URL) ஒட்டியிருந்தேன். முகவரியில் விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கமும் சேர்ந்து வந்தால் அது ஒரு குறியீடு; %37 என்றால் 7. ஆக, மூன்று எழுத்து சத்தமில்லாமல் ஒன்றாகச் சுருங்கிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. விழுக்காட்டுக் குறிக்கான குறியீடு %25; அதனால் %2537 என்று மாற்றியதும் முதல் முயற்சியிலேயே இணைந்தது. கட்டளைவரியில் அது கடவுச்சொல்லைக் கேட்டபோது நேரடியாகத் தட்டியதால் அங்கே இந்த வினையே இல்லை.

பிறகு, கடவுச்சொல்லை முகவரியிலிருந்தே எடுத்துத் தனிச் சூழல் மாறியில் (செயலிக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) வைத்துவிட்டேன். சோதனைக்காக 0.0.0.0/0 என்று உலகத்துக்கே திறந்துவிட்டிருந்த ஃபயர்வால் விதியையும் நீக்கியாயிற்று. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இணைப்பை மறையாக்கும் எஸ்எஸ்எல் முறையின் சான்றிதழில் சேவையகத்தின் பெயரையும் சரிபார்க்கும் அமைப்பு மட்டும் பாக்கி. அதை நாளை பார்க்கிறேன்.