அடங்கிப்போன மீன் உண்ண மறுப்பது ஏன்?

கேள்வி:
ஒரே தொட்டியில் வளரும் வானவில் டிரவுட் மீன்களுள் வலியது மற்றதை அடக்கிவிட்டால், அடங்கிய மீன் தீவனம் அருகில் இருந்தும் உண்பதில்லை. இது அச்சம் மட்டும்தானா, அல்லது மூளையிலும் ஏதேனும் மாறுகிறதா?

பதில் 1:
மூளையிலும் மாறுகிறது. அடங்கிய மீனின் மூளையில், நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரடோனினின் செயல்பாடு உயர்கிறது. இரத்தத்தில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோனின் அளவும் கூடுகிறது. செரடோனின் பொதுவாக மீன்களின் பசியைக் குறைப்பதாலும், அதே அழுத்த நிலையில் சுரக்கும் கார்டிகோட்ரோபின் தூண்டு காரணி என்னும் மூளை ஹார்மோனும் பசியை மட்டுப்படுத்துவதாலும், வலிய மீனைப் பிரித்தெடுத்த பின்னரும் அடங்கிய மீன் உடனே உண்ணத் தொடங்காமல் இருக்கக்கூடும். ஆகவே இதைப் பிடிவாதம் என்றோ நோய் என்றோ முடிவுகட்டுவது அந்த மீனுக்கு நாம் செய்யும் அநீதி.

பதில் 2:
செரடோனின் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. டிரிப்டோபானைக் கூடுதலாகச் சேர்த்த தீவனத்தை 7 நாள் உண்ட இளம் டிரவுட் மீன்களிடம் மூர்க்கம் தணிந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் நெருக்கடியான தொட்டிக்கு இதை மருந்தாக நம்புவதை நான் ஏற்கமாட்டேன். முதலில் இடமும் மறைவிடமும் தாருங்கள்.

பதில் 3:
எதிர்த்திசையிலும், அதாவது மூளை உண்பதைக் கூட்டுவதற்கும், சான்று உண்டு. தங்கமீனின் மூளைக்குள் நியூரோபெப்டைடு ஒய் என்னும் பசி தூண்டும் வேதிப்பொருள் செலுத்தப்பட்டால் அது மிகுதியாக உண்கிறது. மெக்சிகோவின் குகைகளில் வாழும் பார்வையற்ற டெட்ரா மீன்களுள் சில கூட்டங்களில், நிறைவுணர்வைக் கடத்தும் மெலனோகார்டின்-4 ஏற்பி என்னும் புரதத்தின் மரபணு திரிந்திருப்பதால், அவை உணவு கிடைக்கும்போது அளவின்றி உண்டு கொழுப்பைச் சேமிக்கின்றன.