ஓட்டு எண்ணிக்கையில் கற்ற அரபி

குவைத்தில் வீட்டு டிரைவராக இருந்தபோது நான் பேசியதை அரபி என்று சொன்னால் அரபிகளே கோபித்துக்கொள்வார்கள். வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது, ஆண் பெண் வேறுபாடு கிடையாது. வேலை மட்டும் நடந்தது. மேலூருக்குத் திரும்பிய பிறகுதான் ஒழுங்காகக் கற்கும் ஆசை வந்தது. பாடப்புத்தகத்தின் பேனாவும் மேசையும் சீக்கிரமே சலித்துவிட, அல் ஜஸீரா என்ற அரபிச் செய்தித் தொலைக்காட்சியின் தேர்தல் செய்திகளுக்குத் தாவினேன்.

தேர்தல் செய்தியில் அடுத்து என்ன வரும் என்பது நமக்கு முன்பே தெரியும். திருமங்கலம் இடைத்தேர்தலைக் கண்ட ஊர்க்காரனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? எகிப்தில் 2014-இல் வாக்குப்பதிவை மூன்றாம் நாளுக்கும் நீட்டித்த பழைய செய்தியில் 'தம்தீத்' என்ற சொல் வந்தபோது அகராதியைத் தேடவில்லை. 2019-இல் சித்திரைத் தேரோட்டத்தை முன்னிட்டு இரவு எட்டு மணி வரை ஓட்டுப் போட்டவர்கள் அல்லவா நாம்!

எண்கள்தான் வாட்டி எடுத்தன. நாம் ஐம்பத்தொன்று என்பதை அரபியில் 'ஒன்றும் ஐம்பதும்' என்பார்கள். 2012 எகிப்து அதிபர் தேர்தலில் வென்ற முர்சி பெற்ற 51.73 சதவீதத்தைக் காதில் வாங்குவதற்குள் செய்தி வாசிப்பவர் வானிலைக்கே போய்விடுவார். அதோடு மில்லியன் கணக்கு வேறு. 1,32,30,131 வாக்குகள் என்று நம் முறையில் மனத்துக்குள் மாற்றி எழுதுவதற்குத் தனிப் பயிற்சியே வேண்டியிருந்தது. அந்த முடிவை அறிவித்த தேர்தல் ஆணையத் தலைவர் ஃபாரூக் சுல்தான், வென்றவர் பெயரைச் சொல்லுமுன் முறையீடுகளைப் பற்றி நெடுநேரம் வாசித்தார். கெய்ரோவில் காத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டார்களோ, எனக்கு அந்த நிதானமான சட்ட அரபி மிகவும் உதவியது.

மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஒரு நாள் அரபிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹஜ்ரத் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) ஒருவர், "தம்பி, குர்ஆன் ஓதுவதைக் கேட்கிறீர்களா?" என்று விசாரித்தார். துனீசியத் தேர்தல் என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காஜிமார் தெருப் பக்கம் வீடு. இலக்கணம் கரைத்துக் குடித்தவர். அதன் பிறகு அவ்வப்போது அவர் வீட்டில் சேர்ந்து கேட்போம். மூன்று முதல் பத்து வரையிலான எண்கள், எண்ணப்படும் சொல் ஆண்பால் என்றால் தாம் பெண்பால் வடிவம் எடுக்கும் விநோதத்தை அவர்தான் விளக்கினார். கூட்டணி, இரண்டாம் சுற்று போன்ற செய்திச் சொற்களை நான் அவருக்குச் சொல்வேன்.

2019 அக்டோபரில் நடந்த துனீசிய அதிபர் வேட்பாளர் விவாதத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். சட்டப் பேராசிரியர் கைஸ் சயீத் மேடையிலும் இலக்கண அரபியே பேசுகிறவர். எதிரே நபீல் கரூயி துனீசியப் பேச்சுவழக்கில் பேசினார். ஹஜ்ரத்துக்கு முன்னவர் பேச்சு முழுக்கப் புரிந்தது, பின்னவர் பேச்சில் பாதிகூடப் பிடிபடவில்லை. "என் ஓட்டு இவருக்குத்தான்" என்றார். சயீத் 72 சதவீதத்துக்கு மேல் பெற்று ஜெயித்தார். 2021 ஜூலையில் சயீதே நாடாளுமன்றத்தை முடக்கியபோது அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு, "அறிக்கையில் இலக்கணப் பிழை இல்லை" என்று மட்டும் ஹஜ்ரத் சொன்னார்.

உண்மையான சோதனை, வாக்குச்சாவடி வாசலில் மைக்கை நீட்டும்போதுதான். 'வேண்டும்' என்பதற்கு எகிப்தியர் 'ஆயிஸ்' என்பார், லெபனான்காரர் 'பத்தீ' என்பார், ஈராக்கியர் 'அரீத்' என்பார். மாதப் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும்; மே மாதம் கெய்ரோவில் 'மாயூ', பெய்ரூட்டில் 'அய்யார்'. என் குவைத் அரபி இங்கே ஓரளவு கைகொடுத்தது. ஹஜ்ரத்தோ இந்த இடம் வந்தால் எழுந்து தேநீர் போடப் போய்விடுவார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2025 ஜனவரி 9 அன்று லெபனான் நாடாளுமன்றம் அதிபரைத் தேர்ந்தெடுத்த காணொளியைக் கேளுங்கள். மொத்தம் 128 இடங்கள். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்க வாசிக்கிறார்கள். முதல் சுற்றில் ஜோசப் அவுனுக்கு 71, வெற்றுச் சீட்டு 37. இரண்டாம் சுற்றில் அவருக்கு 99. அவர் பெயரும், வெற்றுச் சீட்டைக் குறிக்கும் 'வரக்கா பைதா'வும் திரும்பத் திரும்ப வரும். சப்டைட்டில் போடாதீர்கள், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நீங்களே கோடு போட்டு எண்ணிப் பாருங்கள்.