புதுப்பிப்பு: மதினியோட அசதி – ரத்தம் பார்த்தாச்சு

அம்பாசமுத்திரத்துல பீடி சுத்துற எங்க மதினிக்கு எந்நேரமும் அசதி, என்ன சத்து மாத்திரை வாங்கலாம்னு கேட்டிருந்தேன்லா? அஸ்வகந்தா, மல்டிவைட்டமின்னு நிறைய பேர் சொன்னீங்க, நன்றி. வாங்குறதுக்கு முன்னாடி ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகைதான். உடம்புல இருக்குற இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டினும் ரொம்பக் கம்மி. பி12, தைராய்டு ரெண்டும் சரியா இருக்கு.

டாக்டர் எழுதினது இரும்புச்சத்து மாத்திரை மட்டும். அதை டீ, காப்பியோட போடக்கூடாது, இரும்பு உடம்புல சரியாச் சேராது. மதினி மடியில பீடித்தட்டை வச்சுக்கிட்டே டீ குடிச்சு மாத்திரையை முழுங்குற ஆளு. இப்பம் பக்கத்துல எலுமிச்சைத் தண்ணி இருக்கு. ஏற்கெனவே போடுற கால்சியம் மாத்திரையும் இரும்போட சேரக்கூடாது, அதனால அதை வேற நேரத்துக்கு மாத்தியாச்சு. இரும்பு மாத்திரை போட்டா மலம் கருப்பாப் போகும், பயப்படாதீங்க.

முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் போதாதான்னு கேட்டவங்களுக்கு: சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனா இவ்வளவு இறங்கினப்புறம் சாப்பாடு மட்டும் ஈடுகட்டாது.

சர்க்கரைக்கு ரொம்ப நாளா மெட்ஃபார்மின் போடுறவங்க பி12-ஐயும் பார்த்துருங்க, அது குறைஞ்சாலும் இதே அசதிதான் வரும். இரும்பு மாத்திரை சின்னப் பிள்ளைய கைக்கு எட்டவே கூடாது, அதுகளுக்கு விஷம்.

மதினிக்கு மாதவிலக்குல போக்கு அதிகம். அதுக்கு ஸ்கேன் எடுக்கணும். பார்த்துட்டு எழுதுதேன்.