புதுப்பிப்பு: ஏற்காட்டு பிளாக்பெர்ரி ஜாம் இறுகிவிட்டது

ஏற்காட்டில் வேலியோரம் பறித்த காட்டு பிளாக்பெர்ரியில் ஜாம் போட்டால் தண்ணியாகவே நிற்கிறது என்று கேட்டிருந்தேன், யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. பலித்தது செங்காய் கலக்கும் யோசனைதான்: கனிந்த பழத்தில் பெக்டின் (ஜாமை இறுக வைக்கும் பொருள்) குறைவு, அதனால் கால் பங்கு சிவப்பு நிறக் காய்களையும் போட்டு எலுமிச்சை பிழிந்தேன், நன்றாக இறுகியது. கொய்யாக்காய் வேகவைத்த தண்ணீரும் இறுக்குகிறது, ஆனால் கொய்யா வாசம்தான் தூக்கலாக வருகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

எதிர்பாராதது தெர்மாமீட்டர் விஷயம். எல்லாக் குறிப்பிலும் ஜாமை 105 டிகிரி செல்சியஸில் இறக்கணும் என்று இருக்கிறது, ஆனால் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும், அதனால் இங்கே 100 வந்தாலே இறக்கிவிடலாம், அதற்கு மேல் விட்டால் அடிபிடிக்கும். கீழே சேலத்தில் செய்பவர்கள் 104 வரை போங்கள். அப்புறம், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள், சுருங்கினால் பதம் சரி.